ஆயாம்மாவை அண்டவிடாத பூனை

பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் ஆயாம்மாவுக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது அவளுடைய இரண்டு கைகள்தான். பெரிய டாக்டர் கையில் வீறிட்ட குழந்தை இவள் கைக்கு மாறியதும் கப்சிப் ஆகிவிடும். "ஆயாம்மா, இதைக் கொஞ்சம் வாங்கிக்குங்களேன்" என்று நர்சுகளே கெஞ்சுவார்கள். அவள் உடனே வாங்கிவிட மாட்டாள். முழங்கை வரை மருந்து சோப்புப் போட்டு, கிருமி கொல்லும் லோஷனில் முக்கி, நகக்கண் விடாமல் தேய்த்து, கையை ஆட்டி ஆட்டிக் காயவைத்த பிறகுதான் நீட்டுவாள். கழுவாத கையோடு தொட்டிலை நெருங்கிய மாமியார்களை அவள் விரட்டிய கதை அந்த வார்டில் ஏராளம். பெற்ற தகப்பனையே கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட கையை ஒரு பூனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு விடாமல் பிறாண்டியும் வைத்தது.

பூனையும் லேசுப்பட்டது இல்லை. காலையிலும் மாலையிலும் ஆயாம்மா குடியிருந்த மாடிக்கும் கீழ் வீட்டுக்குமாக ரவுண்ட்ஸ் போகும், தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கும். அதனால் ஆயாம்மா அதற்கு மேட்ரன் என்று பெயர் வைத்திருந்தாள். மூன்று வருடமாக அதற்குப் பால் ஊற்றுவது அவள். தன் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்துப் போடுவதும் அவள். மேட்ரனுக்கு வயிறு தொங்கத் தொடங்கியதும், தன் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, உள்ளே லோஷன் போட்டுத் துடைத்து, கொதிநீரில் அலசிய போர்வையை விரித்து, குட்டியாக ஒரு லேபர் ரூமே தயார் செய்துவிட்டாள். மேட்ரன் வந்தது. ஒரு தடவை முகர்ந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

போனது நேரே கீழ் வீட்டுக்கு. அங்கே ஆயாம்மாவுடைய கணவரின் தம்பியும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த ஓரகத்தி தையல்காரி. முன்னறையில் அவளுடைய மிஷின், துணி வெட்டும் மேஜை, மேஜைக்கு அடியில் குவியலாக வெட்டுத்துணி. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ஆயாம்மா டியூட்டி முடிந்து வந்தபோது, மேட்ரன் அந்தத் துணிக் குவியலில் நாலு குட்டி போட்டுவிட்டு ஒய்யாரமாகப் படுத்திருந்தது. ஓரகத்தியின் உள்ளங்கையில் ஒரு குட்டி. மிஷின் எண்ணெய் படிந்த கை, பிஸ்கட் தூள்கூடத் தட்டாத கை.

"அக்கா, வாங்க வாங்க! நம்ம மேட்ரனுக்கு சுகப்பிரசவம்!"

நம்ம மேட்ரனாம். ஆயாம்மாவுக்குச் சுருக்கென்றது.

"கையைக் கழுவினியா நீ?"

"இல்லையே. கழுவணுமாக்கா?"

"பச்சைக் குட்டியை இப்படியா தூக்குவாங்க? கீழ வை மொதல்ல. நான் வர்றேன்."

மாடிக்கு ஓடினாள். முழங்கை வரை கழுவினாள். இறங்கி வந்து, இருபத்தாறு வருடப் பழக்கத்தோடு பக்குவமாகக் கையை நீட்டினாள். மேட்ரன் காதை மடக்கிக்கொண்டு சீறியது. அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். புறங்கையில் மூன்று கோடு, ரத்தம்.

"புதுசா பெத்தவ இல்லையாக்கா, அதான்" என்றாள் ஓரகத்தி. அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னொரு குட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டு உறுமாமல் கிடந்தது. புதிதாகப் பெற்றவளின் கோபமெல்லாம் ஆளைப் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது.

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. வேறு ஊரில் வேலை பார்க்கும் ஆயாம்மாவின் மகன் போன் பண்ணினால் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, "சித்தி பக்கத்துல இருக்காங்களாம்மா?" என்பான். ஆயாம்மா பாடுபட்டு வாங்கும் பிரியத்தை அந்த ஓரகத்தி சும்மா உட்கார்ந்த இடத்தில் வாங்கிவிடுவாள். அதற்காக அவள் எதையும் செய்வதில்லை என்பதுதான் ஆயாம்மாவுக்குத் தாங்கவில்லை. தப்பு என்று ஏதாவது செய்தாலாவது திட்டித் தீர்க்கலாம்.

அடுத்த பத்து நாளும் இதே கதை. ஆயாம்மா தினமும் வருவாள், கழுவுவாள், நீட்டுவாள், சீறல் வாங்கிக்கொண்டு போவாள். சீறச் சீற அவள் இன்னும் நன்றாகக் கழுவினாள். ஒரு தடவை கழுவியவள் இரண்டு தடவை, மூன்று தடவை கழுவினாள். அளவு கொடுக்க வந்த பெண்களெல்லாம் குட்டிகளைப் பார்த்துவிட்டுத் தையல்காரியை மெச்சினார்கள். "உங்களுக்கு நல்ல கைராசி" என்று ஒருத்தி சொன்னது மாடிப்படியில் நின்ற ஆயாம்மாவின் காதில் விழுந்தது. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

"ஒரு பூனைக்காகவா இவ்வளவு?" என்றார் கணவர்.

"பூனைக்காக ஒண்ணுமில்ல."

"பின்ன முகத்தை ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"என் மூஞ்சியே அப்படித்தான்."

அவர் தட்டை நகர்த்திக்கொண்டார். கட்டிக்கொண்டு முப்பது வருடம் ஆகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பதினோராம் நாள் மதியம் ஓரகத்தி நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போனாள். மேட்ரனும் கொல்லைப்பக்கம் போயிருந்தது. ஆயாம்மாவுக்கு அன்று வார விடுமுறை. திருடி மாதிரி இறங்கினாள். கையில் லோஷன் பாட்டில், பஞ்சு.

குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. கடைக்குட்டி கறுப்பு, மூக்கில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் சுருண்டது, வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், பத்து நாள் வயிற்றெரிச்சலும் எங்கே போனதென்று தெரியவில்லை. "என் தங்கமே, என் கை உனக்குப் புடிச்சிருக்குல்ல?" என்று கொஞ்சினாள். பிறந்த குழந்தையைத் துடைப்பதுபோல கண், காது, வயிறு, வால் அடி என்று லோஷன் பஞ்சால் ஒத்தி ஒத்தித் துடைத்தாள். வாசல் கேட் சத்தம் கேட்டதும் குட்டியை அவசரமாகப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிட்டாள்.

சாயங்காலம் ஓரகத்தி கீழேயிருந்து கூப்பிட்டாள். மேட்ரன் மூன்று குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டது. கடைக்குட்டி மட்டும் தனியாகக் கிடந்து கத்தியது. ஓரகத்தி எடுத்துப் போய்ப் பக்கத்தில் விட்டாள். மேட்ரன் முகர்ந்தது, தும்மியது, காலால் ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றுக்கும் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"என்ன ஆச்சுன்னே தெரியலக்கா. காலையில நல்லாத்தானே பால் குடிச்சுது."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஆயாம்மா. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. சுத்தம் செய்ததில் தப்பு வரும் என்று அவள் வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது குட்டி கத்துவதை நிறுத்தியிருந்தது. பஞ்சில் நனைத்துக் கொடுத்த பால் கடைவாயில் வழிந்தது. பால் இறங்காத பிள்ளை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஆயாம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று வார்டில் குழந்தையைக் குளிப்பாட்டித் தாயிடம் கொடுத்தாள். அந்தச் சின்னப் பெண் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துவிட்டுச் சிணுங்கினாள்.

"என்ன ஆயாம்மா, எம் புள்ள வாசமே போயிடுச்சு. ஆஸ்பத்திரி வாசம்தான் வருது."

ஆயாம்மா நின்ற இடத்தில் நின்றாள். தன் கையை முகர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. பிறகு நர்சிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வழி நெடுக ஒரே யோசனை. குட்டிமேல் இருக்கும் லோஷன் வாசம் போக வேண்டும், மேட்ரன் படுத்த துணியின் வாசம் ஏற வேண்டும். அதைத் தன் கையால் செய்தால் மறுபடியும் அதே கதிதான். அந்தக் கை வேண்டும். யாருடைய கையைப் பார்த்துப் பத்து நாளாக வயிறெரிந்தாளோ, அவள் கை. அதைக் கேட்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்காமலேயே விட்டால் என்ன, ஆயிரம் பூனைக்குட்டி பிறக்கிறது, சாகிறது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாந்தான் தொட்டேன். நீ கடைக்குப் போனப்ப. லோஷன் போட்டுத் துடைச்சேன். வாசம் மாறிப்போச்சு, அதான் அது சேர்க்க மாட்டேங்குது."

ஓரகத்தி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். "இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

"வெந்நீர்ல துணியை நனைச்சு ரெண்டு தடவை துடை. சோப்பு கீப்பு எதுவும் வேணாம். அப்புறம் அது படுத்திருந்த வெட்டுத்துணியால நல்லாத் தேய். தலையைப் புடிக்காத, அடியில கை குடு. ஆங், அப்படித்தான். மேட்ரன் கண் அசரட்டும். இப்ப குட்டியை நடுவுல விடு."

இவ்வளவையும் ஆயாம்மா வாசற்படியில் நின்றே சொன்னாள். உள்ளே வந்தால் பூனை எழுந்துவிடும். சொன்னது அவள், செய்தது இன்னொருத்தி. அந்தக் கை தடுமாறாமல், அவள் சொன்னதைவிட மெதுவாகவே, குட்டியை மேட்ரனின் மடியோடு சேர்த்து வைத்தது. மேட்ரன் தலையைத் தூக்கியது. முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. பிறகு மேட்ரன் நாக்கை நீட்டிக் குட்டியின் முதுகை நக்க ஆரம்பித்தது. கறுப்புத் தலை துழாவித் துழாவி ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டது.

"குடிக்குதுக்கா!"

ஆயாம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ரெண்டு நாள் கழித்து, அளவு கொடுக்க வந்த ஒரு பெண் குட்டிகளை எட்டிப் பார்த்தாள். "கடைக்குட்டி பிழைக்காதுன்னு சொன்னாங்களே?"

"போயிருக்கும்ங்க. எங்க அக்காதான் காப்பாத்தினாங்க. ஆஸ்பத்திரியில லீவு போட்டுட்டு இதுக்காகவே ஓடி வந்தாங்க. அவங்க சொல்லலன்னா எனக்கு என்ன தெரியும்?"

லோஷனைப் பற்றி மூச்சு விடவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஆயாம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதுவே அந்த ஓரகத்தி செய்த தப்பாக இருந்திருந்தால், தான் இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லி, வார்டு வரைக்கும் கொண்டுபோயிருப்போம் என்று ஆயாம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பூனை போகட்டும், குட்டி போகட்டும். இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று, முன் எப்போதையும்விட அதிகமாக, வயிறு எரிந்தது.