பத்து மணி வெயில்

“அந்தப் பொண்ணுக்கு வெளிநாட்டுல ராத்திரி பத்து மணிக்குதான் கூட்டம் சேருமாம். குடியும் ஜாஸ்தியாம். நான் பாக்கலங்க. கீழ்பென்னாத்தூர்ல என் மச்சான் கடையில பேசிக்கிட்டாங்களாம்” என்றார் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பலராமன்.

‘அந்தப் பொண்ணு’, என் தோழி த்ரிசலா, அப்போது மாடியில், என் அறையில், அவசர அவசரமாகச் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தாள். ஒரு கண் தட்டில், ஒரு கண் சன்னலில். பொழுது சாய்ந்துவிட்டால் அவள் வாயில் பருக்கை படாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பயிரிடும், இருட்டினால் உண்ணாத சமணக் குடும்பம். மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது தொழில். மூன்று மாதம் ஓர் ஊர், அப்புறம் வேறோர் ஊர். எங்கே போனாலும் கோட்டை கொத்தளம் பார்ப்பதில்லை. ஒரே கடையில் காய் வாங்குவாள்; ஒரே பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவாள். “சுத்திப் பாக்கவா போனேன்? குந்திப் பாக்கப் போனேன்” என்பாள். புது ஊரில் அவள் முதலில் விசாரிப்பது, “இங்க எப்ப இருட்டும்?”

வடக்கு ஐரோப்பாவில் எஸ்தோனியாவுக்கு இரண்டு தடவை போயிருந்தாள். குளிர்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே இராச்சாப்பாட்டை முடித்துக்கொள்வாளாம். கூட இருந்தவர்கள் ஏதோ நோய் என்று நினைத்தார்களாம். ஜூனில் தலைகீழ். அங்கே அப்போது பத்து மணிக்கும் சூரியன் இருக்கும். ஒரு நாள் வேலை முடிய நேரமாகி, “மணி பத்தாவுதும்மா, இப்பதான் சாப்பிடறேன்” என்று போனில் சொல்லிவிட்டாள். அம்மா குணமதி பதறிப்போனார். “ராத்திரியிலயாடி?” “ராத்திரி எங்கம்மா, வெயில் அடிக்குது!”

வெயிலை ஊரில் யாரும் நம்பவில்லை. பத்து மணியை மட்டும் நம்பினார்கள். வாய்க்கு வாய் போகும்போது அதோடு கூட்டம் சேர்ந்தது, குடி சேர்ந்தது. பட்டினி கிடந்தாலும் இருட்டில் சாப்பிடாத பெண்ணைப் பற்றி இப்படி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. ஊரில் சிக்னல் நிற்பதில்லை. திங்களன்று கணினியைத் திறக்காவிட்டால் வேலை போய்விடும். என் பக்கத்து அறை காலியாகத்தான் கிடக்கிறது.

“தனியா இருக்கற பொண்ணுக்குக் குடுத்தா அக்கம்பக்கத்துல பேசுவாங்கம்மா” என்றார் பலராமன், அவள் நேரில் போய்க் கேட்டபோது.

“அக்கம்பக்கம்னா யாரு சார்? இந்தப் பக்கத்து வீட்டுல ஜெர்மனி, அந்தப் பக்கத்து வீட்டுல ரஷ்யா. அவங்க என்னத்தப் பேசுவாங்க?”

“அவங்க வெளிநாட்டுக்காரங்க. அது வேற.”

“அப்ப எஸ்தோனியா பாஸ்போர்ட்டோட வந்தா குடுப்பீங்களா?”

நானும் தனியாக இருப்பவள்தான். பிரான்சில் பிறந்து, இரண்டு மொழி படித்து, விசா முடியும் தேதியை எண்ணிக்கொண்டு இங்கே வசிப்பவள். என்னிடம் அவர் கேட்டது பாஸ்போர்ட் நகல் மட்டும். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று கேட்டாரா? காலியான அறையில் முன்பு இருந்த இத்தாலிக்காரர் விடிய விடிய உடுக்கை அடித்தார். “சாமியார் மாதிரிங்க” என்று பூரித்தவர் இதே பலராமன். ஆசிரமத்தில் மாதக்கணக்கில் சும்மா உட்கார வரும் வெளிநாட்டவரை வைத்துப் பிழைக்கும் தெரு இது. அதே காரியத்தைப் பக்கத்து ஊர்ப் பெண் செய்தால் மட்டும் மானம் போய்விடுகிறது! “அவளுக்கு நான் பொறுப்பு” என்று போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். “பையனைக் கேட்டுட்டுச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணச் சொல்லுங்க.”

ஞாயிறு மாலை பெட்டியோடு வந்து நின்றாள். எதிர்வீடுதான் பலராமனுடையது. கேட்டில் உள்பக்கம் பூட்டு. வாசலில் அவருடைய செருப்பு. கூடத்தில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. போனில் அவர் எண்ணை அழுத்தினாள். உள்ளே, சன்னலுக்கு அந்தப்புறம், அவருடைய போன் நாதஸ்வரத்தில் பாடியது. ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி பாடியது. மின்விசிறி நின்றது.

“வா, போகலாம்” என்றேன்.

அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை முழங்கைவரை உள்ளே விட்டு, மணி அடித்துக்கொண்டிருந்த தன் போனை அந்தச் சன்னலை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.