உட்கார்ந்து அடிக்கும் மேளம்

1. தட்டிப் பார்

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தின் பின்பக்கம், கீற்றுக் கொட்டகை ஒன்றில் என் வேலை ஆரம்பித்தது. வெளிநாட்டுக்குப் போகும் கல் சிலைகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் வேலை. சிலை செய்தவர்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெட்டி அடித்தவனைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.

பெட்டி காண்டிராக்ட் எடுத்திருந்தவர் செங்கல்பட்டு கரீம் பாய். அங்கே அவருக்கு மரக்கடை இருந்தது. இளமையில் சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். அதனால் எந்த நாட்டுக்காரன் வந்தாலும் கையையும் காலையும் ஆட்டி, நாலு பாஷையைக் கலந்து பேசி முடித்துவிடுவார். கோபக்காரர். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் திட்டமாட்டார்.

முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான்: "ஏழுமல, ஆணி அடிச்சி முடிச்சதும் பெட்டிய தட்டிப் பாரு. டொம்முனு கேட்டா உள்ள எடம் கீதுன்னு அர்த்தம். எடம் இருந்தா செல ஆடும். ஆடுனா ஹார்பர் போறதுக்குள்ள தும்பிக்க போயிடும். தும்பிக்க இல்லாத புள்ளையார வச்சிகினு அவன் அமெரிக்கால இன்னா பண்ணுவான்?"

ஜாதிக்காய்ப் பலகையில் அடிப்போம். மூலைக்கு மூலை ரீப்பர் சட்டம், உள்ளே வைக்கோல், வெளியே இரும்புப் பட்டை. ஆணியை நெருக்கி அடிப்போம். தட்டினால் ஊமை போல இருக்க வேண்டும். நான் அடித்த பெட்டி ஊமையாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

தட்டினால் சத்தம் வராத பெட்டி என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீடு.

2. எங்கள் தெரு

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். இதில் வரும் நிலக்காரர்களின் வீடுகளில் இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

ஊர் ஒரு பக்கம், எங்கள் தெரு ஒரு பக்கம். நிலமெல்லாம் ஊருக்கு, கூலி வேலை எங்களுக்கு. ஊரில் யார் செத்தாலும் பறை அடிக்க எங்கள் தெருவிலிருந்து ஆள் போக வேண்டும். அதில் முதல் கை என் அப்பா கன்னியப்பன். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் அடித்தால் எருமைகூட மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கும் என்று தெருவில் கேலி செய்வார்கள். பெருமையாகத்தான் கேலி செய்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தது. விடியலில் என் சித்தப்பா, நைனாவின் கூடப்பிறந்த தம்பி, பாம்பு கடித்துச் செத்தார். கொஞ்ச நேரத்தில் ஊரில் பெரிய வீட்டுப் பங்காளி ஒருவர் செத்தார். ஆள் வந்து நின்றது. "எங்க வூட்லயே பொணம் கெடக்குதுங்க" என்று நைனா கும்பிட்டுச் சொன்னார். "அது கெடக்கட்டும், மொதல்ல இத முடி" என்றார்கள். நைனா போனார். பகல் முழுக்க அந்த வீட்டு வாசலில் நின்று அடித்தார். சித்தப்பாவின் உடல் எங்கள் வாசலில் ஈ மொய்க்கக் கிடந்தது. பொழுது சாய நைனா திரும்பி வந்தபோது தம்பிக்கு அடிக்கக் கையில் தெம்பு இல்லை. நாங்கள் சத்தமே இல்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

அந்த வாரமே தெருக் கூட்டம் போட்டு, இனி யாரும் பறையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பறைகளை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நைனாதான் முதலில் தன்னுடையதைப் போட்டார். போட்டுவிட்டு, தோல் சுருங்குவதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவருக்கு ஊரின் அழைப்பின் மீதுதான் வெறுப்பு, பறை மீது இல்லை. இரண்டையும் பிரிக்கத்தான் வழி தெரியவில்லை.

அதன்பின் ஊரில் எங்களுக்குக் கூலி இல்லை. நைனா கடற்கரையோரத் தோப்புகளில் சவுக்குக் கட்டை சுமக்கப் போனார். பெரிய வீட்டிலிருந்து மாதம் தவறாமல் ஆள் வரும். "ஒரு வாட்டி வந்து அடிச்சிட்டுப் போ கன்னியப்பா, எல்லாத்தையும் மறந்துடலாம்." நைனா ஒருமுறை போனால் தெருவே போன மாதிரி. அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போகமாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆனால் ஆள் ஒடுங்கிக்கொண்டே வந்தார். பேச்சும் குறைந்தது. சோற்றைப் பிசையும்போதே இடது கை விரல்கள் தட்டின் விளிம்பில் தாளம் போடும். நாங்கள் பார்ப்பது தெரிந்தால் கையை மடக்கிக்கொள்வார். 

3. ரமோன் கேட்ட பெட்டி

அந்தச் சமயம் மாமல்லபுரத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் நிறையப் பேர் மீனவர் குப்பத்தில் குடிசை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ரமோன். நல்ல கறுப்பு, சுருட்டை முடி. கைலி கட்டிக்கொண்டு வந்தால் பக்கத்து ஊர் நெம்மேலிக்காரன் என்று நினைத்துக் கண்டக்டரே தமிழில் திட்டுவாராம். தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. பாய்க்கு அவன் பெயர் ராமன்தான், கடைசிவரைக்கும்.

அவன் கொட்டகைக்கு வந்து பாயிடம் ஏதோ கேட்டான். பாய் என்னைக் கூப்பிட்டார்.

"முட்டி ஒசரத்துக்கு ஒரு பெட்டி வேணுமாம். முன்னால மெல்லிசுப் பலக, பின்னால ஒரு ஓட்ட. உள்ள ஒண்ணும் வைக்கமாட்டானாம்."

"ஒண்ணும் வைக்காத பெட்டி எதுக்கு பாய்?"

"மேல குந்திகினு அடிப்பானாம். மோளமாம் அது."

"மோளம்னா நான் தொடமாட்டேன் பாய். வேற ஆளைப் பாரு."

பாய்க்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். இருந்தாலும் விடவில்லை. "பெட்டிதானடா கேக்குறான். தோலு இல்ல, ஒண்ணும் இல்ல. உனுக்கு இன்னா பேஜாரு? அடிச்சிக் குடு."

அடித்துக் கொடுத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரி அடித்தேன். பக்கங்களுக்கு ஜாதிக்காய்ப் பலகை. முன்பக்கத்துக்குப் பழைய டீ பெட்டியின் ஒட்டுப்பலகை. சுற்றிலும் நெருக்கமாக ஆணி, மூலைகளில் ரீப்பர். ஹார்பரில் மேலிருந்து கீழே போட்டாலும் உடையாது. ரமோன் அதன்மேல் உட்கார்ந்து, சற்றுப் பின்னால் சாய்ந்து, கால்களுக்கு நடுவே முன்பலகையில் தட்டினான். சுவரில் தட்டியது போல இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு சிரித்தான். என் கையிலிருந்து சுத்தியை வாங்கி, முன்பலகையின் மேல் மூலைகளில் நான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். உள்ளே இருந்த ரீப்பரையும் பெயர்த்தான். வேலையில் சேர்ந்த நாள் முதல் என் ஆணியை எவனும் பிடுங்கியது கிடையாது. எனக்கு ரோஷம் வந்தது.

மறுபடி உட்கார்ந்து அடித்தான். நடுவில் அடித்தால் ஆழமாக ஒரு முழக்கம். மேல் மூலையில் அடித்தால் தளர்ந்த பலகை பெட்டியில் மோதி 'சட்' என்று ஒரு வெட்டு. முன்பக்கம் கல் கொத்திக்கொண்டிருந்தவர்களின் உளிச் சத்தம் நின்றது. எனக்கு நைனாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. 

"பாய், இவங்க ஏன் பெட்டிய அடிக்கிறாங்கன்னு கேளு. ஊர்ல தோலுக்கா பஞ்சம்?"

ரமோன் சொல்ல, பாய் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொன்னார். அவனுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கரும்பும் பருத்தியும் விளைந்த நிலங்களில் வேலை செய்தார்கள். சாமி கும்பிடவும் சாவுக்கும் சந்தோஷத்துக்கும் அவர்களுக்கு மேளம்தான். மேளம் கேட்டால் ஆட்கள் கூடிவிடுகிறார்கள் என்று ஆண்டைகளும் பாதிரிமார்களும் பயந்து, அடிக்கக்கூடாது என்று பிடுங்கிக்கொண்டார்கள். பண்ணையிலும் துறைமுகத்திலும் சரக்கு வந்த காலிப் பெட்டிகள்தான் கிடந்தன. அதன்மேல் உட்கார்ந்து கையால் அடித்தார்கள். கங்காணி வந்து பார்த்தால் அது வெறும் பெட்டி, ஒருத்தன் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பழம் வந்த பெட்டி என்று சிலர் சொல்வார்களாம், மேசை இழுப்பறை என்று சிலர். கியூபா என்ற தீவில் கருவாட்டுப் பெட்டியை அடித்தார்களாம். அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் மொழியில் அந்த மேளத்துக்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. பெட்டி என்பதுதான் அதன் பெயர்.

நான் சுத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே அடிக்காதே என்று மேளத்தைப் பிடுங்கினார்கள். எங்களுக்கு அடி என்று மேளத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். இரண்டும் ஒரே கையின் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"எங்க நைனாவுக்கு ஒண்ணு அடிச்சிக்கிறேன் பாய்" என்றேன். பாய் தானே போய், குவியலில் இருந்த டீ பெட்டிகளில் வெடிப்பில்லாத ஒன்றைத் தேடி எடுத்து வந்து போட்டார்.

4. யாரும் கூப்பிடாமல்

மேல் மூலைகளில் ஆணி அடிக்காமல் தளர்வாக விட்டு ஒரு பெட்டி அடித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். நைனா வேப்பமரத்தடியில் இருந்தார்.

"இன்னாடா இது?"

"பெட்டி, நைனா. குந்திப் பாரு."

உட்கார்ந்தார். நான் ரமோன் சொன்னதையெல்லாம் சொன்னேன்.  முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்புறமா அவங்களுக்கு மோளம் அடிக்க வுட்டாங்களா?"

"வுட்டாங்களாம்."

"அப்பயும் பெட்டிய வுடலியா?"

"வுடல நைனா."

தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் அடிக்கவில்லை. பல நாள் அது உட்காருகிற பெட்டியாகவே கிடந்தது. அதன்மேல் குந்தி பீடி பிடிப்பார். தெருவே ஒத்துக்கொண்ட கட்டுப்பாட்டை முதல் கையே உடைத்ததாக ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். அம்மாதான் ஒருநாள் சொன்னாள்: "பறையத் தொடமாட்டோம்னுதானே சொன்னீங்க. பலகையத் தொடமாட்டோம்னு எவன் சொன்னான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம், நைனா அடிக்க ஆரம்பித்தார். முதலில் விரல் நுனியால், யாருக்கும் கேட்காமல். பிறகு உள்ளங்கையால். ரமோன் அடித்ததை அவர் பார்த்ததே இல்லை. மூலை தளர்வாக இருப்பதை அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். சாவுக்கு அடிக்கும் அடிதான் அது. ஆனால் மெதுவாக, யாரையோ தூங்கவைப்பது போல அடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் யாருக்கு அடிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். என் சித்தி வீட்டுக்குள்ளிருந்து வந்து, வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

தெருவே ஓடி வந்தது. "எவன் பூட்டான் அண்ணாத்த?" என்று பதறினார்கள். எங்கள் காதுக்கு மேளம் என்றால் சாவு.

"எவனும் சாவல. சும்மா" என்றார் நைனா.

சத்தம் ஊருக்கும் கேட்டுவிட்டது. பெரிய வீட்டுக்காரரே நேரில் வந்தார், பின்னால் இரண்டு ஆட்களோடு. அவர் எங்கள் தெருவில் கால் வைத்தால் கிழவர் முதல் குழந்தை வரை எழுந்து நிற்பது வழக்கம். எழுந்தோம். நானும் எழுந்தேன், எனக்குத் தெரியாமலே உடம்பு எழுந்துவிட்டது. நைனா மட்டும் எழவில்லை.

"இன்னா கன்னியப்பா, கை அரிக்குதா?" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இருந்தது. "நல்லதாப் போச்சி. எங்கம்மா இழுத்துகினு கெடக்குது. இன்னிக்கோ நாளைக்கோ. ஆளு அனுப்புறேன், வந்துடு."

நைனாவின் கை நிற்கவில்லை. அடியைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா நல்லவங்க. எனுக்குக் கஞ்சி ஊத்துனவங்க. ஆளு அனுப்பத் தேவல, நானே வந்து மண்ணு போடுறேன். மோளம் அடிக்க மாட்டேங்க."

"அப்ப இது இன்னா?"

"இது பெட்டிங்க."

"எழுந்து நின்னு பேசுடா!" பின்னால் நின்ற ஆள் கத்தினான்.

நைனா அவனைப் பார்க்கவில்லை. பெரிய வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "எழுந்தா இத அடிக்க முடியாதுங்க. குந்திகினுதான் அடிக்கணும்."

அவர் நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாழ்நாளில் எங்கள் தெரு ஆள் ஒருவன் அவர் முன்னால் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நைனாவின் வாழ்நாளிலும் அதுதான் முதல் தடவை.  

அப்போது நான் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகத் தெரு முழுக்க, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டது. நிற்பதற்கு அவர்கள் மூன்று பேர்தான் மிச்சம். வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

ஊரில் எங்களுக்குக் கூலி அப்போதும் திறக்கவில்லை. அதற்கு இன்னும் வெகுகாலம் ஆயிற்று. பெரிய வீட்டு அம்மாள் செத்தபோது நைனா சொன்னபடியே வெறுங்கையோடு போய் மண் போட்டுவிட்டு வந்தார். அழைக்க ஆள் வருவது அதோடு நின்றது.

இன்றைக்கு அந்தப் பெட்டியைச் சென்னையில் பெரிய இசைக் கடைகளில் விற்கிறார்கள். பொத்தேரிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து அடிப்பதைப் பார்க்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பொருளைச் செய்து கொடுக்கும்போது பலகை எது, ஆணி எது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை வைத்து வேலை செய்கிறவன் எப்படி இருக்கப்போகிறான், நின்றா உட்கார்ந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் நைனா ஆயுள் முழுக்க நின்றே அடித்தவர். அவர் உட்கார ஒரு பெட்டி அடித்தேன். என் கையால் செய்த வேலையில் அது ஒன்றே எனக்குப் போதும்.