சேட்டுக்குள் மறைத்த நோவு

கிளினிக் நாட்களில் பெரியப்பா சேட்டுப் போடுகிற காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கஞ்சி போட்டு அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு. இடப்பக்கத் துணியை விரல் நுனியால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவார். துணி விலாவில் பட்டதும் கண்கள் இறுக மூடும். பிறகு ஒன்றும் நடவாததுபோலப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "வா புள்ள, பாதை வெளிக்கிடப் போகுது" என்பார். மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கப் பாதை என்கிற அந்த மிதவையில்தான் போவோம்.

அக்கி வந்து காய்ந்த இடம் அது. தோல் ஆறிவிட்டது, உள்ளே நரம்பு ஆறவில்லை. வீட்டில் வெறும் மேலோடுதான் இருப்பார். மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் துடிப்பார். ஆனால் ஊர் வயல்வட்டை முழுவதற்கும் தண்ணீர் பங்கிட்ட வட்டைவிதானை, டொக்டருக்கு முன்னால் அப்படிப் போய் இருப்பாரா? அதுவும் இளம் பெண் டொக்டர். கோயிலில் சேட்டைக் கழற்றினால் பக்தி, கிளினிக்கில் கழற்றினால் மானக்கேடு. இது பெரியப்பாவின் சட்டம். நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அறைக்குள் தனியாகத்தான் போவார். துணி பட்டால் நோகிறதா என்று டொக்டர் கேட்டாராம். "இல்ல மகள், பாருங்க, சேட்டுப் போட்டுத்தானே இரிக்கன் எண்டு சொன்னன்" என்று வெளியே வந்து பெருமையாகச் சொன்னார். கண் முன்னால் சேட்டோடு இருப்பவர் சொன்னதை அந்த டொக்டர்ப் பிள்ளை நம்பியது. விழுங்கக் குளிசை எழுதிக் கொடுத்தது. குளிசை நோவைக் கொஞ்சம் குறைத்தது, ஆளைத்தான் நாள் முழுக்கத் தூங்க வைத்தது.

அந்தக் காலத்தில்தான் அவருடைய மகள், என் அக்கா, தலைப்பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். பேத்திக்காக எவ்வளவோ காத்திருந்த மனிதர். முதல் தரம் மடியில் வைத்தபோது குழந்தையின் கால் விலாவில் உரசியது. அவர் கத்திய கத்தலில் குழந்தை வீரிட்டது. அதன்பிறகு தூர இருந்து பார்ப்பதோடு சரி. குழந்தை தவழ்ந்து அவரிடம் போனாலும், நடை பழகி ஓடினாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான்: "தொடப்படாது, அம்மப்பாக்கு நோகும்." நானும் சொல்லியிருக்கிறேன். பிறகு அக்கா குழந்தையையும் கூட்டிக்கொண்டு, கத்தாரில் வேலை செய்த அத்தானிடம் போய்விட்டாள்.

அடுத்த மாரியில் ஒரு கிளினிக் நாள். பாதையில் நடு வாவியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சேட்டு உடம்போடு ஒட்டியது. பெரியப்பாவால் தாங்க முடியவில்லை, சட்டம் தோற்றது. டொக்டரின் அறை வாசலிலேயே சேட்டைக் கழற்றிவிட்டார், நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். டொக்டர் பஞ்சால் விலாவை மெல்லத் தடவினார். பெரியப்பா கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"இத ஏன் ஐயா முதலே சொல்லல்ல?"

"பொம்புளப் பிள்ளைக்கு முன்னால எப்பிடி மகள் சேட்டக் கழட்டுற?"

டொக்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து விளங்கப்படுத்தினார். நோவு ஓரிடத்திலேயே நின்று, தொட்டாலே துடிக்கிற ஆட்களுக்குத்தான் பூச்சு மருந்து கேட்கக் கூடுதல் வாய்ப்பு. மரத்துப்போன தோலென்றால் அவ்வளவாகக் கேட்காது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல ஏலாது. "ஆனா தெரிஞ்சிருந்தா இவருக்கு முதல்ல இதத்தான் தந்திருப்பன்."

அன்று எழுதித் தந்த பூச்சு மருந்து கேட்டது. முழுதாக இல்லை, ஆனால் சேட்டோடு வயலுக்குப் போய் வரும் அளவுக்குக் கேட்டது. பெரியப்பாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "பேத்திப் புள்ள எப்ப வருவாள்?" என்பதுதான் அவருடைய கேள்வி. பேத்தியைத் தூக்கித் திரிந்திருக்க வேண்டிய நாட்கள் வீணாகப் போய்விட்டன.

இந்த வருட விடுமுறைக்கு வந்தார்கள். பெரியப்பா கதிரையின் நுனியில் இருந்து இரண்டு கைகளையும் விரித்தார். "வா மகள், இப்ப அம்மப்பாக்கு நோகாது."

பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு முழத் தூரத்தில் டக்கென்று நின்று, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அம்மப்பா, நான் தொடமாட்டன்" என்றாள்.