பிரேம் கடை அக்காவும் வெட்டுண்ட வாலும்

சென்ற மார்ச் ஒன்பதாம் தேதி, பள்ளிக்கூட மண்டபத்தில் தொடங்கிய ஓவியக் கண்காட்சியில், நான் வரைந்த படத்தின் வலப்புறம் மூன்று விரற்கடை அகலத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டியவர் பிரேம் கடை அக்கா. வெட்டுண்ட பகுதியில் இருந்தவை ஒரு பூனையின் வாலும் என் கையெழுத்தும். முழுப் படத்தின் புகைப்படமும், குப்பைக் கூடையிலிருந்து நானே மீட்ட துண்டும் என் வசம் உள்ளன.

குற்றம் சாட்டப்பட்டவரை அறியாதவர்களுக்கு இந்த வழக்கு விளங்காது. ஆகவே அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

அக்காவின் வாயில் எப்போதும் சிற்றாணிகள் இருக்கும். அவை தீரும்வரை "உம்", "உஹும்" என்ற இரண்டே பதில்கள். தீர்ந்த பிறகு எதிரில் நிற்பவர் வாய் திறக்க வழியில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்துவார். மகளைக் கொடுத்த வீட்டிலும் அப்படியே செய்து, "படம் நேராத்தான் இருக்கு சம்பந்தி, உங்க சுவருதான் கோணல்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டு வந்தவர்.

சென்ற ஆண்டு கணவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நடைகூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நோயாளிகளின் உறவினர்களுக்கென்று எதிரே ஓர் இலவச விடுதி உண்டு. அங்கே கட்டில் காலியில்லை. கணவர் தேறி வீடு திரும்பிய வாரமே, அந்த விடுதிக்குக் கட்டில்கள் வாங்கித் தர ஓவியக் கண்காட்சி நடத்தப்போவதாக அக்கா அறிவித்துவிட்டார். ஓவியர்கள் யார் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

உலகம் படத்துக்குச் சட்டம் தேடும். அக்கா சட்டத்துக்குப் படம் தேடினார். வீடு வீடாக ஏறி, பரணில் கிடந்த காலிச் சட்டங்களைக் கேட்டு வாங்கி, தூசி துடைத்து, தெருவில் கண்டவர் கையில் ஒவ்வொன்றாகத் திணித்தார்.

"இந்தாங்க, இதை நிரப்பிக் கொண்டாங்க."

"எனக்கு வரையவே வராதே அக்கா."

"வெறும் சட்டத்தை விடவா மோசமா வரைஞ்சிடப் போறீங்க?"

முடிதிருத்துபவர் பின்னந்தலைகளாகவே வரைந்து தள்ளினார். பேருந்து ஓட்டுநர், தம் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் தெரியும் வாய் பிளந்து தூங்கும் பயணிகளை வரைந்தார். சிலர் படத்தைப் பார்த்துத் தம்மை அடையாளம் கண்டுகொண்டு, வேறு யாரும் பார்க்குமுன் வாங்கிப் போனார்கள்.

நான் மின்கணக்கு எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நூலகப் புத்தகங்களைக் கொண்டு நானாகவே ஓவியம் கற்றவன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மீட்டர் பெட்டி, அதன் மேல் உறங்கும் பூனை. இதுவே என் முதல் படம். ஊரிலுள்ள சுவர்களையெல்லாம் பார்த்தவன் நான்; எந்தச் சுவரிலும் என் பெயர் இருந்ததில்லை. அந்தக் கையெழுத்தைத் தனியாகப் பழகி வைத்திருந்தேன்.

தொடக்க நாளன்றே நியாயம் கேட்டேன்.

"அட, மீட்டர் சாரா! சட்டம் கிடைக்கறதுக்கு முன்னாடி உங்களை யாரு வரையச் சொன்னது? மரத்தை வெட்டினா வீணு. காகிதத்தை வெட்டினா என்ன போச்சு?"

"என் பேர் போச்சு."

"வாலும்தான் போச்சு. பூனை வந்து கேக்குதா?"

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் என் பக்கம் சாய்ந்தார். "விடுங்க சார். எங்க கல்யாணப் போட்டோவுல என் தோளையே வெட்டினவ இவ."

இதற்குள் ஒரு பல் மருத்துவர், வாலில்லாமையில் ஏதோ ஆழம் இருப்பதாகச் சொல்லி, படத்தை வாங்கிச் சென்றுவிட்டார். வரைந்தவன் யார் என்று அவர் கேட்கவில்லை.

அன்றே முறைப்படி புகார் எழுதி, எழுத்து மூலம் பதில் வேண்டுமென்று கோரி, அக்காவிடம் சேர்ப்பித்தேன். பதில் இல்லை.

நிறைவு நாளில் போனபோது, என் படம் இருந்த இடத்தில் கூட்டம், சிரிப்பு. விலக்கிக்கொண்டு பார்த்தேன். என் புகார்க் கடிதம், கடையிலேயே விலை உயர்ந்த சட்டத்தில், நாற்புறமும் தாராளமாக இடம் விட்டு மாட்டப்பட்டிருந்தது. கீழே என் கையெழுத்து, ஒரு புள்ளி குறையாமல். முடிதிருத்துபவர் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாலுக்காகக் கோர்ட்டுக்குப் போற ஆளு யாருப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இதோ, இவருதான்!" என்று அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். மண்டபம் கைதட்டியது. நான் வணக்கம் தெரிவித்தேன். அதை இங்கே மறைக்கவில்லை.

"பேர் போச்சுன்னீங்களே சார், வந்திடுச்சா?"

பல் மருத்துவர் கடிதத்தையும் வாங்கிக்கொண்டார். படத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டுமாம். விடுதிக்குக் கட்டில்கள் வந்திறங்கிவிட்டன. நானும் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன்.

ஆயினும், என் அனுமதியின்றி என் புகாரை விற்றது தனிக் குற்றம். இரண்டாவது கடிதத்தை நேற்று நானே கடையில் கொடுத்தேன். "இதற்காவது எழுத்து மூலம் பதில் வேண்டும்" என்றேன். அக்காவின் வாயில் ஆணிகள்.

"உம்" என்றார். ஒரு வரியும் படிக்காமல் கடிதத்தை மேசைமேல் விரித்து, டேப்பை இழுத்து, நீளத்தையும் அகலத்தையும் அளக்கத் தொடங்கினார்.