அப்பா அடுக்கிய ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டில் அடுப்பு அம்மாவுடையது, ஃபிரிட்ஜ் அப்பாவுடையது. புனேவில் வானவடிப் பகுதியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் அம்மா எழுந்திருக்கவே மாட்டாள். அப்பாதான் போவார். குளிர்ந்த பாட்டிலை எடுத்த இடத்தில் வேறு பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தவருக்குத் தம்ளர் தேடுவார். அதற்குள் வந்தவரின் தாகம் பாதி தீர்ந்திருக்கும்.

அப்பாவுக்கு ராணுவச் சாமான் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே புனேவுக்கு வந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் கடன் உடன் வாங்கி ஒரு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினார். அது வீட்டுக்கு வந்த நாளிலேயே எங்கள் சமையலறைக்குள் ஒரு குட்டிக் கிடங்கு திறக்கப்பட்டுவிட்டது. அட்டைப் பெட்டி எதுவும் உள்ளே வரக் கூடாது, ஈரம் குடித்து நாறும். எல்லாம் டப்பாவுக்கு மாற வேண்டும், டப்பாவில் தேதி ஒட்ட வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். இவை எல்லாவற்றுக்கும் தலையான சட்டம் ஒன்று இருந்தது. "ஓடற சரக்கு கீழே, ரிசர்வ் மேலே" என்பார். மேலே என்றால் ஐஸ் பெட்டி. ஃபிரிட்ஜுக்குள் உச்சியில் சின்ன மடக்குக் கதவு போட்டிருக்குமே, அது.

ரிசர்வில் முதலிடம் மட்டருக்கு. பச்சைப் பட்டாணி என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. குளிர்காலத்தில் புனே மண்டியில் மட்டர் கொட்டிக் கிடக்கும்போது அப்பா சாக்குப் பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். மூன்று பேரும் உட்கார்ந்து நகம் பச்சையாகும் வரை உரிப்போம். அம்மா கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத் தருவாள். அப்பா பொட்டலம் கட்டி மேலே ஏற்றுவார். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலும் மட்டர் இல்லாதபோது எங்கள் வீட்டில் குருமா கொதிக்கும். அப்பா அன்றைக்கு இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிடுவார். அவருடைய அடுக்கும் திறமைக்கு அவரே கொடுத்துக்கொண்ட பதக்கம் அது.

பதினோரு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. வயதானவர்களுக்கு வருவது போன்றதல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை. காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, கற்றுக்கொண்டார். ஊசி போட, மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட, சிறுநீரைச் சோதிக்க. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவி எங்கள் மாதிரி வீடுகளுக்கு அப்போது வரவில்லை. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, அடுப்பில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் வந்து நின்றால் ஆபத்து. அம்மா ஒரு பர்னரில் உப்புமா கிளற, பக்கத்துப் பர்னரில் அப்பா என் சிறுநீரைக் கொதிக்க வைப்பார். எங்கள் வீட்டுக் காலை அப்படித்தான் விடிந்தது. ஒரு வருடம் வரை பெரும்பாலும் நீலம், இல்லாவிட்டால் பச்சை. நீலம் வந்த நாட்களில் அப்பா விசிலடித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைப்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கடைகளில் என் மருந்து கிடைக்காமல் போனது. அப்பா நனைந்துகொண்டே கேம்ப் கடைத்தெரு முழுக்க அலைந்து, கடைசியில் பேட்டைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் ஒரே ஒரு பாட்டிலோடு திரும்பினார். வந்து நின்ற முகம் வெளுத்திருந்தது. ஸ்டோர்கீப்பர் வீட்டில் சரக்கு இல்லை என்பது அவருக்கு மானக்கேடு. மகளின் உயிர் சம்பந்தப்பட்ட சரக்கு என்பது அதைவிடப் பெரிய பயம். மறுபடி கடைகளுக்கு மருந்து வந்ததும் ஒரேயடியாக நிறைய வாங்கிவிட்டார். வழக்கம்போல அட்டைப் பெட்டிகளைக் கிழித்தெறிந்தார். அவற்றுக்குள் மடித்து வைத்திருந்த மருந்துக் குறிப்புத் தாள்களும் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போயின. ஓடுகிற பாட்டில் கதவுத் தட்டில். மிச்ச பாட்டில்கள் தேதி ஒட்டிய டப்பாவில் மட்டர் பொட்டலங்களுக்கு நடுவே, ஐஸ் பெட்டியில்.

எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. மட்டரே வருடம் முழுக்கக் கெடாத இடத்தில் மருந்து கெட்டுவிடுமா என்ன?

மேலேயிருந்து இறக்கிய முதல் பாட்டிலைத் திறந்த வாரமே குழாயில் மஞ்சள் வந்தது. பிறகு ஆரஞ்சு. பிறகு செங்கல். எனக்கு ஓயாத தாகம். பள்ளிக்கூடத்தில் குழாயடியே கதி என்று கிடந்தேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கியது.

"என்ன தின்னே அம்மணி?" என்று அப்பா கேட்டார். முதல் நாள் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் திங்கலீங்கப்பா."

"அப்புறம் எப்படிச் செவப்பு வரும்? ஊசி நாந்தானே போடறேன்?"

நியாயமான கேள்விதான். ஊசியை அவர் போட்டார், அளவு சரி. மருந்தை அவர் வைத்திருந்தார், இடம் சரி. ஆகவே தப்பு என் வாயில்தான் இருக்க வேண்டும். கிடங்கில் சரக்கு குறைந்தால் எடுத்தது யார் என்று பார்ப்பதுதானே முறை!

அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் கதவுக்குப் பூட்டு உண்டு. வாங்கிய நாளிலிருந்து சீண்டப்படாமல் கிடந்த சாவியை அப்பா தேடி எடுத்து ஸ்கூட்டர் சாவியோடு கோர்த்துக்கொண்டார். பால் காய்ச்ச அம்மா அவரிடம் போய் நின்றாள். உள்ளே இருந்த ஸ்ரீகண்ட் என்ற இனிப்புத் தயிர் டப்பாவின் மேல் எதுவரை இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டார். அடுத்த வாரம் பார்த்தபோது ஸ்ரீகண்ட் கோட்டை விட்டு இறங்கவில்லை.

"பாருங்க, தொடவே இல்ல" என்றாள் அம்மா.

"தயிரைக் கலந்து மட்டம் பண்ணியிருப்பா" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் அவ்வளவு கெட்டிக்காரத் திருடி என்று பெற்ற அப்பாவிடம் பேர் வாங்குவது எல்லாருக்கும் வாய்க்காது. இப்படிக் கேலியாக எழுதிவிட்டேன். அன்றைக்கு அவரை வெறுத்தேன். அவர் ஊசியோடு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழாய் மறுபடி செங்கல் நிறம். அப்பா கத்தவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். "நீ நெசத்தைச் சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்" என்றார்.

நான் நிஜத்தைத்தான் சொன்னேன். மத்தியானம் சொன்னேன், சாயங்காலம் சொன்னேன். அவர் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. "ஏனுங்க, ஒரு வாயாவது தின்னுங்க" என்று அவரிடம் கெஞ்சிவிட்டு என்னிடம் வந்தாள். "எதாச்சும் தின்னிருந்தா சொல்லிப்போடு சாமி, அப்பா அடிக்க மாட்டாரு" என்றாள். அம்மாவும் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையிலும் அவர் வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தின்னேங்கப்பா" என்றேன்.

"என்ன?"

"பேடா. பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை குடுத்துச்சு."

அப்பாவின் முகம் தெளிந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே வந்து என் தலையில் கையை வைத்தார். "நெசத்தைச் சொன்னியே, அது போதும்" என்றார். அம்மா ஓடிப்போய்த் தோசை ஊற்றினாள். அவர் சாப்பிடச் சாப்பிட எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவ்வளவு நாளும் கேட்டும் கிடைக்காத அன்பு ஒரு பேடாவில் கிடைத்துவிட்டது, அதுவும் தின்னாத பேடாவில்.

பிறகு சுலபமாகிவிட்டது. குழாய் சிவந்தால் நான் ஒரு தின்பண்டத்தின் பெயரைச் சொல்லுவேன். ஜிலேபி, குலாப்ஜாமூன், சாக்லெட். வாய் ஏங்கியவற்றையே சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்பா பெருமூச்சு விடுவார், புத்தி சொல்லுவார், பட்டினி கிடக்க மாட்டார். சிவப்புக்குக் காரணம் வீட்டிலேயே கிடைத்துவிட்டதால் என்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாட்டிலை உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்தில் பொடிப்பொடியாகத் துகள் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். "குளிர் இன்னும் விடல" என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் உருட்டினார்.

அடுத்த பாட்டில் இறங்கியதும் வாந்தி ஆரம்பித்தது. "கண்டதைத் தின்னா வராம என்ன பண்ணும்" என்றாள் அம்மா. மூன்றாம் நாள் எனக்கு மூச்சு வாங்கியது. ஓடிவிட்டு வந்தவள் போல இழுத்து இழுத்து விட்டேன். என் மூச்சில் அழுகின பழத்தின் வாசனை வருகிறது என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியது அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு கையில் ட்ரிப்ஸ். பிழைத்தது பெரிய விஷயம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா மராட்டிக்காரர். கால்மாட்டில் நின்று அம்மாவிடம் இந்தியில் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். எத்தனை அளவு, எத்தனை மணிக்கு, மருந்தை எங்கே வைப்பீர்கள். அம்மா தன் ஓட்டை இந்தியில் பெருமையாகவே பதில் சொன்னாள். வீட்டுக்காரர் ரொம்பக் கவனமானவர், ஓடுகிற பாட்டில் கதவில், மிச்சமெல்லாம் "ஊபர், பரஃப் மே" என்று கையை உயர்த்தி ஐஸ் பெட்டி இருக்கும் உயரத்தைக் காட்டினாள். அப்பா பக்கத்தில் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார்.

டாக்டரம்மா அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. இன்சுலின் உறைந்துபோனால் செத்துப்போகும், மறுபடி இளக்கினாலும் உயிர் வராது, இத்தனை நாளும் நீங்கள் போட்டது மருந்தே இல்லை என்றார். அம்மா அப்பாவின் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். இல்லாவிட்டால் அது விழுந்திருக்கும்.

அன்று அப்பா என் பக்கம் வரவே இல்லை. மறுநாள் காலை வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ட்ரிப்ஸ் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவர் கேட்டது என்ன தெரியுமா?

"பேடா தின்னேன்னு சொன்னியே அம்மணி?"

"திங்கலீங்கப்பா."

"ஜிலேபி?"

"அதுவும் இல்லீங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"திங்கலைன்னு சொன்னப்ப நீங்க சாப்பிடலீங்களே" என்றேன்.

அவர் கையை விடவில்லை. என்மேல் இருந்த தப்பு போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு கோபமும் அப்படியே இருந்தது.

நான் வீடு திரும்பியபோது ஃபிரிட்ஜ் பூட்டப்பட்டிருக்கவில்லை. அப்பா அதன் பக்கமே போவதில்லை. அம்மா அவளுக்குத் தெரிந்த மாதிரி எல்லாவற்றையும் திணித்தாள். கறிவேப்பிலை பாலோடு கிடந்தது, தக்காளி அழுகியது. அடுத்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் மட்டர் உரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு அம்மா எழுந்துபோய்க் கொடுத்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் புனேவிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் விரல் ரத்தத்தைச் சோதிக்கும் கருவி வாங்கினேன். எண் எவ்வளவு என்று அம்மா தினமும் கேட்பாள். அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. நான் கருவியை எடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். ஓய்வுபெற்ற பிறகும் அப்படித்தான். எனக்கு அது வருடக்கணக்காக உறுத்தியது. ஒரு காலத்தில் என் சிறுநீரின் நிறத்துக்கு விசிலடித்தவர், இப்போது என் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்குக்கூட அக்கறை இல்லாமல் போய்விட்டாரா?

ஒரு விடுமுறை நாள் காலையில் வேண்டுமென்றே சீண்டினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நேத்து ஆபீஸ்ல ரெண்டு ஜிலேபி தின்னேங்க."

"செரி அம்மணி" என்றார்.

"இல்லீங்கப்பா, திங்கல. சும்மா சொன்னேன்."

"செரி அம்மணி."

இரண்டும் ஒரே குரல். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "ரெண்டுல எது நெசம்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? நான் என்ன ஆனாலும் பரவாயில்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"கேட்டா நீ பயந்துபோட்டு, எதையாச்சும் ஒத்துக்குவே அம்மணி" என்றார்.