என் குடைக்குப் பின்னால் இருந்த ரோடு

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊர்ப் பாதை கடற்கரைச் சாலையில் வந்து சேரும் முனையில் இளநீர் வண்டி போட்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போனது சத்துணவில் முட்டை போடும் நாட்களில் மட்டும். அப்படியும் ஒரு மதியம், சாலைப் பாதுகாப்பை ஆய்வு செய்ய வந்த பெண் இஞ்சினீயர் என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தக் கம்பைப் பிடிச்சிட்டு சென்னைப் பக்கமா நடங்க. நான் கை தூக்கினா நில்லுங்க."

ஊர்ப் பாதையிலிருந்து வந்து முனையில் நிற்கும் வண்டியோட்டிக்கு எவ்வளவு தூரம் ரோடு தெரிகிறது என்று பார்க்கவாம். இஞ்சினீயர் அங்கே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்போடு லுங்கி கட்டிய ராஜாவாகக் கிளம்பினேன். தார் மேல் கானல் தண்ணீர் போலக் கிடந்தது. தூரத்து லாரிகள் சக்கரமே இல்லாமல் மிதந்து வந்தன. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் மெல்ல மூச்சு விட்டது. என் காலும் தரையில் படாத மாதிரிதான் இருந்தது. இப்படியே சென்னை வரைக்கும் போய்விடலாம் என்று நினைத்தேன். பத்தடி போவதற்குள் அவர் கை தூக்கிவிட்டார்.

"இன்னாம்மா, அதுக்குள்ளயா?"

"காணாமப் போயிட்டீங்கண்ணே. நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். என் பெரிய குடை, அதன் கீழே என் இளநீர்க் குலைகள். ரோட்டைக் காணோம். திடீரென்று குடைக்குள்ளிருந்து பிறந்தது போல ஒரு வேன் வந்து, மூக்குக்கு முன்னால் போயிற்று.

என் வீட்டுக்காரி தினமும் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் இந்த முனைக்குத்தான் வருகிறாள். "உன் குடை ரோட்ட மறைக்குதுய்யா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "என் மூஞ்சிய பாத்துகினு வா, ரோடு எதுக்கு?" என்று பல்லைக் காட்டிய அறிவாளி நான்.

"குடை மறைக்குதுன்னு எழுதட்டுமாண்ணே?" என்றார் இஞ்சினீயர்.

"எழுதும்மா. அதுக்கு முன்ன ஒரு கை குடு, வண்டிய தள்ளணும்."

முனையைத் தாண்டி, ரோட்டைவிட்டு உள்ளே, முள்வேலி ஓரமாகத் தள்ளினோம். குடையை மடக்கினேன். வெயில் மண்டையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டி வந்து முனையில் நின்றது.

"இன்னாய்யா, கடைய காணோம்?"

"இங்க கீறேன். ரோடு தெரியுதா?"

"தெரியுது. நான் சொன்னா கேக்க மாட்ட, இஞ்சினீரு வந்து சொல்லணும் உனக்கு. பஸ்சு வருது, கத்தாத."

அந்தப் பேருந்து அவளுக்கு முன்னால் கடந்து போகும்வரை, கையிலிருந்த இளநீரை நான் வெட்டவில்லை.