அத்தானுக்கு அறுத்த வேப்பம்பலகை

"செயின் எல்லாம் ஒண்டுதான் அண்ணை, பூட்டி அறுக்க வேண்டியதுதானே" என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெசின் வாள் விற்கிறவரே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? மரத்தைக் குறுக்கே துண்டு போட ஒரு செயின், நீளவாக்கில் பலகை அறுக்க வேறு செயின். முதலாவதின் பற்களை நன்றாகச் சரித்து அரத்தால் ராவியிருப்பார்கள். அதைக் கொண்டு பலகை அறுத்தால் மெசின் திணறும், பலகையின் முகம் மீன் செதில் போலச் சொரசொரக்கும். பலகைச் செயினின் பற்கள் கிட்டத்தட்ட நேராக இருக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் முகம் வழவழப்பாக வரும். இதையெல்லாம் நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, "அப்ப நீங்களே பாத்து எடுங்கோ" என்றார்.

பாவம், அவர் மேல் எனக்கு என்ன கோபம். கட்டைபறிச்சான் கிராமத்தில் அத்தான் செத்துக்கொண்டிருந்தார், அதுதான் காரணம். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். ஈரலில் கட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும்தான்.

துறைமுகத்தடியில் வள்ளங்களுக்குப் பலகை போடுவதும் வீடுகளுக்குக் கதவு யன்னல் செய்வதும் என் தொழில். அதனால் அத்தான் என்னிடம்தான் கேட்டார்.

"மெத்தை நெருப்பாக் கிடக்கு மச்சான். கிணத்தடி வேம்பைத் தறிச்சு, அகலமா ஒரு பலகை அறுத்துத் தா. வேம்பு குளிர்ச்சி. அதிலை படுத்தா நித்திரை வரும்."

இரண்டு பலகையைச் சேர்த்து அடித்தால் வேலை சுகம். ஆனால் அவருடைய முதுகில் அப்போது எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. பொருத்து எங்கே இருந்தாலும் குத்தும். ஆகவே ஒரே பலகையாக அறுக்க வேண்டும். அதற்கு என்னிடம் இருந்த பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற அந்த நீளத் தகடு, போதாது. அடிமரத்தின் அகலத்தைவிட அது கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பலகை அறுக்கப் பூட்டுகிற சட்டம் இரண்டு பக்கமும் இடத்தைத் தின்னும். மிஞ்சி நீளமானால் என் மெசின் இழுக்காது. கயிற்றில் முடிச்சுப் போட்டு மரத்தை அளந்து கொண்டுவந்திருந்தேன். அந்தக் கயிற்றை ஒவ்வொரு பாராகப் பிடித்துப் பார்த்தேன். செயினிலும் மெல்லியது, தடித்தது என்று இருந்தது. மெல்லியது மரத்தை வீணாக்காது, மெசினுக்கும் பாரமில்லை, ஆனால் கன காலம் உழைக்காது. இந்த ஒரு மரத்துக்குத்தானே, மெல்லியதே போதும் என்று நினைத்து அந்தப் பெட்டியை எடுத்தேன். விலை பேசாமல் காசைக் கொடுத்தேன்.

அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நோயாளி இருக்கிற வீட்டில் பச்சை மரம் தறிக்கக்கூடாது என்றாள். கிணற்றடிக்கு நிழல் இல்லாமல் போய்விடும் என்றாள். கடையில் நல்ல கட்டில் வாங்கலாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மனுசன் கடைசியாக் கேக்கிற ஒண்டு. அதுக்குள்ள உங்களுக்கு நிழல் வேணுமோ?"

அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

மரம் தறிக்கக் கிண்ணியாப் பாலத்தால் வான் வண்டியில் போனோம். நானும், என்னோடு வழமையாகக் கயிறு பிடிக்க வருகிறவரும். எங்கள் பக்கத்து மரங்களில் கண்ணை மூடிக்கொண்டு வாள் வைக்க முடியாது. சண்டைக் காலத்தில் வெடித்த செல் துண்டும் துவக்குச் சன்னமும் பட்டைக்குள் மூடிக் கிடக்கும். வாளின் பல் இரும்பில் பட்டால் செயின் போச்சு, ஆளுக்கும் ஆபத்து. அதனால் பட்டையைத் தட்டிப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன்.

"அக்கா, இதிலை ஆணி, கம்பி ஏதும் அடிச்சிருக்கோ?"

"ஒண்டுமில்லை" என்றாள். மரத்தைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் சொன்னாள். மூக்கை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று மட்டும் நினைத்தேன். அத்தான் யன்னலோரம் படுத்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேம்பு நல்ல பக்கமாகவே விழுந்தது. முதல் அறுப்பில் வெளிப்பட்டை கழன்றது. இரண்டாவது அறுப்புத்தான் பலகை. புதுச் செயின் வெண்ணெயில் போகிறமாதிரிப் போனது. பாதியைத் தாண்டியிருக்கும், கிரீச்சென்று சத்தம், நெருப்புப் பொறி. நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் மொட்டை. நான் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். மிச்சத்தைப் பழைய செயினால் அறுத்து முடித்துப் பலகையைப் புரட்டினோம். மரம் நின்றபோது நெஞ்சளவு உயரமாக இருந்த இடத்தில், ஒரு பொட்டளவு, இரும்பு பளபளத்தது. நீளமான ஆணி ஒன்றை நேரே நடுவால் அறுத்திருந்தேன். செல் துண்டு இல்லை. ஆரோ அடித்த ஆணி.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அந்தப் பொட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். மரத்தூளுக்குள் அப்படியே குந்திவிட்டாள்.

"தம்பி, நீ அத்தானைக் கொன்று போட்டாய்."

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கைவிட்ட கிழமையே, மந்திரித்து நூல் கட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறாள். நோயாளியின் நெஞ்சளவில் வேம்பில் ஆணி அடித்து நோய் வருத்தத்தை மரத்தோடு கட்டி, மேலே மண்ணும் மஞ்சளும் பூசிப் பட்டையோடு பட்டையாக மூடியிருக்கிறார். வெளியில் வாய்விட்டுச் சொன்னால் கட்டு அவிழ்ந்துபோகும். விரதமும் பிடிக்க வேண்டும். அக்கா ஒரு நேரச் சோற்றோடு இருந்திருக்கிறாள். நான் கேட்டபோது சொன்னால் கட்டு அவிழும், சொல்லாவிட்டால் மரம் விழும். வாள் அந்த இடத்தில் படாமல் போகட்டும் என்று குசினிக்குள் நின்று கும்பிட்டிருக்கிறாள்.

பலகையைச் சீவுளி போட்டு இழைத்தேன். பச்சைப் பலகை, காய்ந்தால் வளையும். வளைகிற வரைக்கும் அத்தான் இருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆணிப் பொட்டை அடிப்பக்கமாக வைத்து, அவரைத் தூக்கிக் கிடத்தினேன். கைப்பிள்ளையின் பாரம்தான் இருந்தது. கண்ணை மூடி, "சுகமாக் கிடக்கு" என்றார். அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து நான் சொன்னேன்.

"அத்தான், மரத்திலை ஆணி இருந்தது. அக்கா அடிப்பிச்சவ."

"தெரியும். யன்னலாலை பாத்தனான்."

"பிறகேன் தறிக்கச் சொன்னனீங்கள்?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் அவரால் கதைக்க முடிந்தது.

"ஆணி என்னைக் காப்பாத்தாது மச்சான். நான் போனாப் பிறகும் அவள் அந்த மரத்தடியிலைதான் தண்ணி அள்ளவேணும். விரதம் பிழைச்சுதோ, நேரம் பிழைச்சுதோ எண்டு தன்னையே தின்பாள். ஆர் இருக்கினம் அவளைத் தேத்த? இப்ப மரம் இல்லை, நீ அறுத்துப் போட்டாய். இனி உன்னைத்தான் ஏசுவாள். உன்னை ஏசினா அவளுக்குச் சோறு இறங்கும். உன்னைக் கேக்காமச் செய்திட்டன். பொறுத்துக்கொள்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பழி சுமக்க இந்த உலகத்தில் நான்தானா அகப்பட்டேன்? பிறகு அவருடைய காலடியில் இருந்து அழுதேன். அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டார். நான் சொல்லவில்லை. அக்காவும் இப்போது இல்லை, அதனால்தான் எழுத முடிகிறது. கடைசிவரை அவள் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அத்தான் அந்தப் பலகையில் கிடந்துதான் போனார். நித்திரையிலேயே போய்விட்டார். செத்த வீட்டில் அக்கா அழவேயில்லை. அதற்குப் பிறகும் ஆராவது சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்தால் கையால் அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். அவளும் போய்விடுவாள் என்று சொந்தக்காரர் பயந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று எல்லோரும் பந்தியில் இருக்க, நான் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தேன். அக்கா திடீரென்று எழும்பி என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இவன்தான் ஆணியை அறுத்தவன்! இவன் அறுக்காட்டி அவர் எழும்பி நடந்திருப்பார்! கூடப்பிறந்தவன் செய்யிற வேலையோ இது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. யாரோ அவளை இருத்தப் பார்த்தார்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஓம் அக்கா, நான்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தொண்டை அடைக்கும்வரை ஏசினாள், நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். ஓய்ந்ததும் குசினிக்குள் போனாள். தானே ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, சுவரில் சாய்ந்திருந்து, அழுதபடியே முழுவதையும் சாப்பிட்டாள்.